கனடா மாமா நல்லூருக்கு வருகிறார்: சுவிட்ச் 2 சொல்லவா, நல்ல போன் சொல்லவா?

கொக்குவில்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மனைவியின் அண்ணன் ரொறன்ரோவில் இருக்கிறார், இந்த முறை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். மருமகனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். மகனுக்கு 13 வயது. கேட்டவுடனே “நிண்டெண்டோ சுவிட்ச் 2” என்றான், கேள்வி முடியக்கூட இல்லை. கையில் வைத்து விளையாடுகிற கொன்சோல், அதாவது விளையாட்டுக்கென்றே ஒரு பெட்டி. விலையைப் பார்த்தேன். 2025இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் 450 டொலர். டொலர் 300 ரூபாய் மட்டில் என்று வைத்தாலே 135,000 ரூபாய், விளையாட்டு தனியாக வாங்க வேண்டும். மாமாவின் காசுதான், என்றாலும் எனக்கு வயிறு எரிகிறது. அவனிடம் இப்போது இருப்பது என்னுடைய பழைய போன், ஒரு மூலையில் டிஸ்பிளே உடைந்தது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல போன் வந்தால் படிக்கவும் ஆகும், விளையாடவும் ஆகும் என்று நினைக்கிறேன். போனிலேயே எல்லா விளையாட்டும் இருக்க, ஒரேயொரு வேலை செய்கிற பெட்டி எதற்கு? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து சண்டை பிடிக்க வேண்டாம்.

தின்னவேலிப் பெடியன்:
சண்டை பிடிக்காமல் இதைக் கதைக்கவே ஏலாது அண்ணை. போன்தான், யோசிக்கத் தேவையில்லை. இந்தப் போட்டி எப்போதோ முடிந்துவிட்டது, கணக்கைப் பாருங்கள். 2004இல் வந்த நிண்டெண்டோ டிஎஸ் என்ற கைக்கொன்சோல் 15 கோடியே 40 லட்சம் விற்றது. அதே காலத்தில் சோனியின் பிஎஸ்பி எட்டுக் கோடியளவில். 2007இல் ஐபோன் வந்தது, 2008 யூலையில் அப் ஸ்டோர் திறந்தது. பிறகு என்ன நடந்தது? 2011இல் டிஎஸ்ஸுக்கு அடுத்ததாக 3டிஎஸ்ஸை 250 டொலருக்கு விட்டார்கள், யாரும் எட்டிப் பார்க்கவில்லை, அதே ஓகஸ்டில் 170 டொலருக்கு இறக்கினார்கள், நிண்டெண்டோவின் தலைவர் சத்தோரு இவாட்டா தன் சம்பளத்தில் பாதியை வெட்டிக்கொண்டார். கடைசியில் விற்றது ஏழரைக் கோடி சொச்சம், அதாவது டிஎஸ்ஸில் பாதி. பிஎஸ்பிக்குப் பிறகு சோனி விட்ட வீட்டாவின் கதை அதைவிடக் கேவலம். வெளியில் வாங்கும் மெமரி கார்ட் போடேலாது, அவர்களுடைய கார்ட்தான், அதன் விலையோ ஆளைக் கொல்லும். 2019இல் தயாரிப்பை நிறுத்தினார்கள், அந்த வரிசையில் அடுத்தது வரவே இல்லை. இவ்வளவையும் தின்றது எது? சட்டைப் பையில் ஏற்கனவே இருந்த போன். ஒரு டொலருக்கு அங்ரி பேர்ட்ஸ் கிடைக்கும்போது நாற்பது டொலருக்கு ஒரு விளையாட்டு யார் வாங்குவான்?

டைனமோ:
தம்பி, கணக்கை 2011இல் நிறுத்திவிட்டீர், அதற்குப் பிறகும் வருடங்கள் வந்தன. 2017 மார்ச்சில் சுவிட்ச் வந்தது. அந்த நேரம் கடலை விற்கிற ஆச்சியிடமும் ஸ்மார்ட்போன் இருந்தது. அது 15 கோடிக்கு மேல் விற்றது, இன்னும் விற்கிறது. சுவிட்ச் 2 வெளிவந்து முதல் நான்கு நாளில் 35 லட்சம் போனது. போன் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்றால் இந்தச் சனம் எல்லாம் விசரரா? 2022இல் வால்வ் நிறுவனமும் ஸ்டீம் டெக் என்று ஒரு கைக்கொன்சோலை இறக்கியது, அதைப் பார்த்து ஆசுசும் லெனோவோவும் ஓடி வந்தன. செத்த சந்தைக்குள் யாராவது புதிதாகக் கடை போடுவார்களா?

தின்னவேலிப் பெடியன்:
அண்ணை, சுவிட்சை டிவியில் போட்டும் விளையாடலாம். நிண்டெண்டோ முதலில் டிவிக்கு ஒரு பெட்டி, கைக்கு ஒரு பெட்டி என்று இரண்டு வரிசை வைத்திருந்தது, ஓடாது என்று தெரிந்ததும் இரண்டையும் ஒன்றாக்கியது. வீட்டில் டிவியோடு பூட்டிவைத்து விளையாடுகிறவனையும் கைக்கொன்சோல் கணக்கில் சேர்க்கக்கூடாது. டிஎஸ்ஸையும் பிஎஸ்பியையும் கூட்டினால் 23 கோடி. இப்போது எல்லாம் சேர்த்தும் அந்த அளவுக்கு வரவில்லை. போனோ ஒவ்வொரு வருடமும் உலகத்தில் நூறு கோடிக்கு மேல் விற்கிறது. விளையாட்டுக்கு உலகம் செலவழிக்கிற காசில் ஏறக்குறைய பாதி போனில்தான் போகிறது. பிழைத்துக்கொண்டது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

டைனமோ:
சரி, அந்த 23 கோடிக் கணக்கு நியாயம். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசு எங்கே போகிறது என்பதும் எது நல்ல விளையாட்டு என்பதும் ஒன்றில்லை. கசினோவிலும்தான் காசு போகிறது.

ஆச்சியின் பேத்தி:
டைனமோ அண்ணா கசினோ என்று சொன்னது சும்மா இல்லை. நான் படிப்பிக்கிறவள், இரண்டு பிள்ளைகளின் அம்மாவும். என் அக்காவின் மகன் போன வருடம் இலவச விளையாட்டு ஒன்றில் வைரம், உருவத்துக்கு உடுப்பு, பெட்டி என்று வாங்கி இரண்டு கிழமையில் 18,000 ரூபாயை முடித்தான். திருடவில்லை, தாயின் காட் இலக்கம் போனிலேயே பதிந்து கிடந்தது, அமத்த அமத்தப் போனது. பிள்ளையைப் பேசினோம், அடித்தோம் என்றுகூடச் சொல்லலாம், பிறகு நான் இருந்து அந்த விளையாட்டைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வந்தால் ஒரு பரிசு, வராவிட்டால் வரிசை அறுந்துபோகும். பெட்டிக்குள் என்ன என்று தெரியாமல் காசு கட்ட வேண்டும். சத்தம், வெளிச்சம், “இன்னும் 2 மணித்தியாலம் மட்டும்.” கோயில் வீதியில் தாயக்கட்டை உருட்டிக் காசு பிடுங்குகிறவன்கூட இவ்வளவு கெட்டித்தனமாகச் செய்ய மாட்டான். விலை ஒரு தரம் கொடுத்து வாங்குகிற விளையாட்டை எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் கேட்கிறேன்: அதில் இந்தக் கரைச்சல் இருக்கிறதா?

டைனமோ:
பெரும்பாலும் இல்லை அக்கா. காசை முதலே வாங்கிவிட்டதால் பிறகு உங்களைக் கெஞ்ச வேண்டிய தேவை செய்தவனுக்கு இல்லை. பெரும்பாலானவற்றுக்கு ஒரு முடிவும் உண்டு. கதை முடியும், எழுத்து ஓடும், பெட்டியை வைத்துவிட்டு எழும்பிப் போய்ச் சாப்பிடலாம். இலவச விளையாட்டு முடிந்தால் வியாபாரமும் முடிந்துவிடும், அதனால் அதை முடியவே விட மாட்டார்கள். நிண்டெண்டோவே 2016 டிசம்பரில் போனுக்கு சூப்பர் மாரியோ ரன் விட்டது. முதல் சில கட்டம் இலவசம், மீதி முழுவதற்கும் ஒரே தரம் 10 டொலர், பிறகு ஒரு சதமும் கேட்காது. நேர்மையான வியாபாரம். சனம் என்ன செய்தது? கோடிக்கணக்கில் இறக்கியது, 10 டொலர் என்றதும் திட்டியது. எதிர்பார்த்த அளவு வரவில்லை என்று நிறுவனமே சொல்லிவிட்டது. போன்காரருக்கு முதலே காசு கட்டிப் பழக்கமில்லை, அதனால்தான் அவர்களிடம் மெல்ல மெல்லக் கறக்கிறார்கள்.

தின்னவேலிப் பெடியன்:
முடிவு இருந்தால்தான் நல்ல விளையாட்டா? டெட்ரிஸுக்கு எங்கே முடிவு?

டைனமோ:
இருக்கிறது தம்பி. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு பெடியன் நிண்டெண்டோவின் பழைய டிவி டெட்ரிஸை, அது தாங்க முடியாமல் அப்படியே உறைந்து நிற்கும்வரை விளையாடினான். மனிதர் ஒருவர் அங்கு போய்ச் சேர்ந்தது அதுதான் முதல் தடவை. கொக்குவில் அண்ணையின் மகனின் வயதுதான், 13.

கொக்குவில்காரன்:
இதை மகனுக்குக் காட்ட மாட்டேன்.

தின்னவேலிப் பெடியன்:
ஹாஹா. அக்கா, உங்கள் கவலை விளங்குகிறது, அந்த வைரக் கதை எங்கள் வீட்டிலும் நடந்தது. ஆனால் அதற்கு மருந்து காட் இலக்கத்தைப் போனிலிருந்து எடுப்பது, ஒவ்வொரு தரமும் கடவுச்சொல் கேட்கும்படி வைப்பது. ஒன்றரை லட்சத்துக்கு இன்னொரு பெட்டி வாங்குவதில்லை. இப்போது நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள், ஏனென்றால் இங்கே எல்லோரும் பொருளைப் பற்றியே கதைக்கிறீர்கள், ஆட்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. அண்ணையின் மகன் பள்ளிக்கூடத்தில் யாரோடு விளையாடுவான்? அவன் வகுப்பில் சுவிட்ச் வைத்திருக்கிறவன் எத்தனை பேர்? ஒருவன் இருந்தால் பெரிய காரியம், அவனும் லண்டனில் இருந்து வந்தவனாக இருப்பான். ஆனால் ஃப்ரீ ஃபயர் என்றால் வகுப்பே இருக்கும், ரியூசன் முடிந்து சைக்கிளைச் சுவரோடு சாத்திவிட்டு நாலு பேர் ஒரு குழுவாக இறங்குவார்கள். நான் அப்படித்தான் என்னுடைய கூட்டாளிகளைப் பிடித்தேன். கொரோனாவில் பள்ளிக்கூடம் பூட்டியிருந்தபோது பகலில் போனில்தான் படித்தோம், இரவில் அதே போனில்தான் சந்தித்தோம். 135,000 ரூபாய்க்குத் தனிமையை வாங்கிக் கொடுக்காதீர்கள் அண்ணை.

டைனமோ:
இதுவரை நீர் சொன்னதில் இதுதான் நல்ல வாதம். பதில் சொல்லக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரவு எழுதுகிறேன்.

பழுதுக்கடை:
கஸ்தூரியார் வீதிப் பக்கம் போன் திருத்துகிறவன். இரண்டு பக்கத்துக்கும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். போன் என்றால் டிஸ்பிளே, பற்றரி, சார்ஜிங் போர்ட் எல்லாம் கையில் இருக்கிறது, காலையில் தந்தால் மத்தியானம் எடுத்துக்கொண்டு போகலாம். சுவிட்ச் என்று ஒன்று வந்தால் முதலில் அதைத் திறக்கிற மூன்று கால் ஸ்க்ரூட்ரைவரைத் தேட வேண்டும். பழைய சுவிட்சின் கைப்பிடிகளில் குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கிற வருத்தம் உலகம் முழுக்கத் தெரிந்தது, அமெரிக்காவில் வழக்கெல்லாம் போட்டார்கள், 2020இல் நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார். குச்சியை மாற்றலாம், சின்ன வேலைதான், ஆனால் சாமான் வெளியில் இருந்து வர வேண்டும், கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சுவிட்ச் 2இல் பற்றரியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள், அதைக் கழற்ற எனக்கு விருப்பமே இல்லை.

இது போன் பக்கம். இனி மற்றப் பக்கம். என்னிடம் பெடியன்கள் கொண்டுவருகிற போனில் பாதிக்குப் பற்றரி உப்பிப் பின்மூடி கழன்று நிற்கும். ஏன் தம்பி என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்பான். சார்ஜில் போட்டபடி மணித்தியாலக்கணக்கில் விளையாடியிருப்பான். போனுக்குள் விசிறி இல்லை. சூடு கூடினால் தானாக வேகத்தைக் குறைக்கும், பெடியன் போன் ஸ்லோ என்பான். கொன்சோலுக்குள் சின்ன விசிறி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், அது விளையாடுவதற்கென்றே செய்த சாமான். போன் அப்படி இல்லை, அதற்கு நூறு வேலை. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எதை வாங்கினாலும் முதலில் கவர் போடுங்கள்.

தின்னவேலிப் பெடியன்:
அண்ணை, இப்போது போனிலும் எல்லாம் ஓடும். 2023இல் வந்த ஐபோன் 15 ப்ரோவில் ரெசிடென்ட் ஈவில் 4 அப்படியே வந்தது, பெரிய கொன்சோலில் வந்த அதே விளையாட்டு. புளூடூத் கொன்ட்ரோலர் ஒன்றைக் கொழுவினால் பட்டனும் வந்துவிட்டது.

டைனமோ:
அந்த ஐபோன் வந்தபோது 1,000 டொலர் தம்பி. அந்தக் காசுக்கு இரண்டு சுவிட்ச் 2 வாங்கி ஒன்றை உமக்குத் தரலாம். கொக்குவில் அண்ணை வாங்க நினைக்கிற விலைப் போனில் அது ஓடாது. கொன்ட்ரோலர் கதையும் அப்படித்தான். நீர் கொழுவலாம், ஆனால் கோடிப் பேரிடம் அது இல்லை என்று விளையாட்டைச் செய்கிறவனுக்குத் தெரியும், அதனால் பெருவிரல் இரண்டுக்கும் ஏற்றமாதிரித்தான் செய்வான், அந்த விரல் இரண்டும் திரையில் கால்வாசியை மறைக்கும். போனுக்கு பட்டன் வைத்துக் கொன்சோலாக்கிப் பார்க்காமலும் இல்லை. 2003இல் நோக்கியா என்-கேஜ் என்று ஒன்று விட்டது. விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் பின்மூடியைக் கழற்றிப் பற்றரியை வெளியே எடுக்க வேண்டும். கதைக்கும்போது விளிம்புப் பக்கத்தைக் காதில் வைக்க வேண்டும், காதில் வடையைச் சொருகியமாதிரி இருக்கும். ஊரே சிரித்தது.

இனி ஆட்களைப் பற்றி. காலையில் சொன்னதற்குப் பதில் இதுதான், கொஞ்சம் நீளம்.

எனக்கு இந்தப் பெயர் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தொண்ணூறுகளின் தொடக்கம். 1990இல் யாழ்ப்பாணத்தில் கரண்ட் போய்விட்டது. பெரியப்பாவின் மகன் வெளியில் இருந்து அனுப்பிய கேம் போய் ஒன்று, நிண்டெண்டோவின் பழைய கைக்கொன்சோல், யார் யாரோ கைமாறி, உடுப்புக்குள் சுற்றி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, டெட்ரிஸோடு. அதற்கு நாலு பென்டோர்ச் பற்றரி வேண்டும். பற்றரிக்குத் தடை, உள்ளே வராது, தப்பித் தவறி வந்தாலும் எங்கள் வீட்டுக்குக் கட்டுபடியாகாது. றேடியோவுக்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட காலம். நாலு பற்றரி என்றால் 6 வோல்ட். சைக்கிள் டைனமோவும் 6 வோல்ட்தான், ஆனால் அது ஏசி. எங்கள் ஒழுங்கையில் றேடியோ திருத்துகிற ஒரு அண்ணை நாலு டயோட்டும் ஒரு கப்பாசிட்டரும் போட்டு ஒரு பெட்டி செய்து தந்தார். நான் பின்சில்லைப் பார்த்தபடி விளையாட, தம்பி கையால் பெடலைச் சுற்றுவான். மெதுவாகச் சுற்றினால் திரை மங்கிச் செத்துவிடும், வேகமாகச் சுற்றினால் எரிந்துவிடுமோ என்று எனக்கு நெஞ்சு இடிக்கும். அவன் கை நோகும் நேரம் நான் தோற்பேன். பிறகு ஆள் மாறுவோம். ஒழுங்கைப் பெடியன்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள். விளையாட வந்தவன் முதலில் ஐந்து நிமிடம் சுற்ற வேண்டும், அதுதான் சட்டம்.

அந்தப் பெட்டி ஒழுங்கைக்கே ஒன்றுதான் இருந்தது. எனக்கு அது ஒருநாளும் தனிமையாகத் தெரியவில்லை.

தின்னவேலிப் பெடியன்:
அண்ணை, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஆனால் வாதத்தை விட மாட்டேன். உங்கள் ஒழுங்கையைக் கூட்டியது கேம் போய் இல்லை, அந்தக் காலம். வேறு ஒன்றும் இல்லாததால் எல்லோரும் வந்தார்கள். இன்றைக்கு அதே ஒழுங்கையில் சுவிட்சை வைத்துக்கொண்டு இருந்து பாருங்கள், ஒருவனும் வரமாட்டான், எல்லோர் கையிலும் போன். அதோடு அன்றைக்கு டைனமோ சுற்றிய உங்கள் தம்பிக்கு வீடியோ எடுக்கப் போன் இருந்திருந்தால் இப்போது நீங்கள்தான் யூடியூபில் பெரிய ஆள்.

டைனமோ:
தம்பி இப்போது ஜெர்மனியில், இன்னும் தோள்மூட்டு நோகிறது என்று என்னைத்தான் பேசுகிறான். நீர் சொல்கிற காலக் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் ஒன்றை மட்டும் பாரும். அன்றைக்கு நிறம் காட்டுகிற கைக்கொன்சோல்களும் இருந்தன. சேகாவின் கேம் கியர், அட்டாரியின் லிங்க்ஸ், எல்லாம் கேம் போயைவிட வடிவு. கேம் கியர் ஆறு பற்றரியை விழுங்கி மூன்று, நாலு மணித்தியாலத்தில் படுத்துவிடும். பச்சைத் திரைக் கேம் போய் நாலு பற்றரியில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும், அதுதான் வென்றது. அதைச் செய்த குன்பெய் யோகோய் சொன்னதும் அதுதான்: புதிதாக வந்த, விலை கூடிய தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, பழகி மலிந்துபோனதை எடுத்து வேறு விதமாகப் பாவி. புல்லட் ரயிலில் ஒரு ஆள் பொழுதுபோகாமல் கல்குலேட்டர் பட்டனை அமத்திக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் 1980இல் கேம் அண்ட் வாட்ச் என்ற சின்னக் கைவிளையாட்டுப் பெட்டியைச் செய்தார். கல்குலேட்டருக்காக மலிந்துபோன அதே வகைத் திரையைப் போட்டு. போனோடு விலையிலும் வேகத்திலும் மோதிய கொன்சோல் எல்லாம் தோற்றது, மோதாமல் பக்கத்து ஒழுங்கையால் போனது பிழைத்தது. முதல் சுவிட்சின் சிப் அது வந்த நாளிலேயே பழசு.

தின்னவேலிப் பெடியன்:
அப்படியென்றால் இன்றைக்கு மலிந்துபோன தொழில்நுட்பம் எது அண்ணை? போன். உங்கள் யோகோய் உயிரோடு இருந்தால் போனுக்குத்தான் செய்வார்.

ஆச்சியின் பேத்தி:
இந்தப் பெடியனுக்கு யாராவது சட்டம் படிக்க இடம் எடுத்துக் கொடுங்கள்.

எனக்கு இன்னொன்று தோன்றுகிறது. டைனமோ அண்ணாவின் கதையில் கரண்டைப் பற்றிச் சொன்னதால் 2022 ஞாபகம் வந்தது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருந்தாலும் சில நேரம் சிக்னல் இல்லை. பிள்ளைகள் விளையாடப் போனால், இணையம் இல்லை என்று சொல்லி விளையாட்டுகள் திறக்கவே மறுத்தன. அதுவும் ஒருவன் தனியாக இருந்து மிட்டாய் அடுக்குகிற விளையாட்டுகூட. அதற்கு ஏன் இணையம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கடைசியில் சின்னவன் ஆச்சியிடம் போய்ப் பல்லாங்குழி பழகினான்.

பழுதுக்கடை:
விளம்பரம் காட்டத்தான் அக்கா.

டைனமோ:
சுவிட்சுக்கு விளையாட்டைக் கார்ட்டாக வாங்கினால் அந்தக் கரைச்சல் இல்லை. செருகினால் ஓடும். ஓடி முடிந்தால் கூட்டாளிக்குக் கொடுக்கலாம், அவனுடையதை வாங்கலாம், விற்கலாம். நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் நான் அம்புலிமாமா மாற்றி வாசித்தமாதிரியே இதையும் மாற்றுகிறேன். போன் விளையாட்டை யாருக்காவது இரவல் கொடுத்திருக்கிறீரா? சட்டப்படி உம்முடையதே இல்லை. 2017இல் ஐபோனுக்கு ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் அப் எல்லாம் ஒரே இரவில் திறக்காமல் போனது, காசு கட்டி வாங்கியதும் சேர்த்துத்தான்.

தின்னவேலிப் பெடியன்:
கார்ட் கதை பழசு அண்ணை. சுவிட்ச் 2க்கு வருகிற சில விளையாட்டுகளின் கார்ட்டுக்குள் விளையாட்டே இல்லை, ஒரு திறப்பு மட்டும்தான். செருகிவிட்டு முழுவதையும் இணையத்தில் இறக்க வேண்டும். உங்கள் டேட்டா, உங்கள் காசு. 3டிஎஸ் கடையை 2023 மார்ச்சில் பூட்டிவிட்டார்கள், இனி அதில் ஒன்றும் வாங்கேலாது, அடுத்த வருடம் ஒன்லைனும் போனது. உங்கள் ஆட்களும் அதே வழிதான். மாரியோ கார்ட் வேர்ல்ட் 80 டொலர், நம் காசில் 24,000 ரூபாய். ஒரு விளையாட்டு. அந்த 24,000ஐப் பார்த்தால் அக்காவின் பெறாமகன் கட்டிய 18,000 மலிவு.

ஆச்சியின் பேத்தி:
அந்த 18,000ஐ இழுக்காதே தம்பி, இன்னும் காயம் ஆறவில்லை.

டைனமோ:
திறப்புக் கார்ட் விசயத்தில் நீர் சொல்வது சரி, எனக்கும் கோபம்தான். வாங்க முதல் பெட்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும், எழுதியிருப்பார்கள். 80 டொலரும் அநியாயம். ஆனால் நான் ஒருநாளும் புதிது வாங்கியதில்லையே.

பழுதுக்கடை:
இரண்டுக்கும் நடுவில் சீனக் கைப்பெட்டிகள் இருக்கின்றன, அன்பெர்னிக், மியூ மாதிரி. உள்ளே போன் வகைச் சிப், வெளியே கேம் போய் வடிவம். மலிவானவற்றின் விலை சுவிட்சில் கால்வாசிகூட வராது. ஆயிரக்கணக்கில் பழைய விளையாட்டுகளை மெமரி கார்ட்டில் போட்டே விற்கிறார்கள், அது களவு, அதை நான் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போனும் கொன்சோலும் சண்டை பிடித்துக் கடைசியில் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டது என்பதற்கு அதுதான் சாட்சி.

கொக்குவில்காரன்:
எல்லோருக்கும் நன்றி. சண்டை பிடிக்க வேண்டாம் என்றேன், பிடித்தீர்கள், நல்லதுதான். இரண்டு நாளாக வாசித்துவிட்டு மகனிடமே கேட்டேன், ஏன் உனக்குச் சுவிட்ச், உன் கூட்டாளிகள் எல்லாம் போனில்தானே என்று. “அப்பா, போனில் விளையாடினால் நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருக்கா அதை வாங்கிக்கொண்டு போறீங்கள்” என்றான். உண்மைதான். கடைக்கு அடிக்க வேண்டும், வங்கிக்குப் பார்க்க வேண்டும், என் போனில் சார்ஜ் இல்லாத நேரமெல்லாம் அவனுடையதைத்தான் எடுப்பேன். அவனுக்கு வேண்டியது ஒருவரும் கேட்டு வாங்காத ஒரு சாமான்.

தின்னவேலிப் பெடியன்:
அதற்குப் புதுப் போன் வாங்கிக் கொடுத்தாலும் எடுப்பீர்கள்தானே அண்ணை?

கொக்குவில்காரன்:
எடுப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

டைனமோ:
பிறகு என்ன முடிவு?

கொக்குவில்காரன்:
முடிவு எடுக்க முதலே ஆள் வந்துவிட்டார், கொடியேற்றத்துக்கு முதல் நாள். நாங்கள் ஒன்றும் சொல்லாததால் தானாகவே ஒன்று கொண்டுவந்திருக்கிறார். போனும் இல்லை, சுவிட்ச் 2உம் இல்லை. அவருடைய மகள் பாவித்துவிட்ட பழைய சுவிட்ச், மூன்று கார்ட்டோடு. மகள் இப்போது போனில்தான் விளையாடுகிறாளாம். மகன் ஒரு நிமிடம் முகத்தைத் தொங்கப் போட்டான், பிறகு ஆளைக் காணவில்லை, அறைக்குள். பக்கத்து வீட்டுப் பெடியன்கள் இரண்டு பேரின் செருப்பு வாசலில் கிடக்கிறது.

இப்போது பிரச்சினை வேறு. சார்ஜர் கனடா சார்ஜர், தட்டையான இரண்டு பின். அங்கே 120 வோல்டாம், இங்கே 230. செருகினால் எரிந்துவிடுமோ? பற்றரி சிவப்பில் நிற்கிறது, அறைக்குள் இருந்து கத்துகிறார்கள்.

டைனமோ:
எரியாது அண்ணை. சார்ஜரின் பின்னால் சின்ன எழுத்தைப் பாருங்கள், 100–240 என்று போட்டிருக்கும். பின் மாற்றி மட்டும் வாங்கினால் போதும்.

பழுதுக்கடை:
பின் மாற்றி என்றால் மலிவானதை வாங்க வேண்டாம், ஆடுகிற பின்தான் எரியும். நாளைக்குக் கடைக்கு வாருங்கள்.

தின்னவேலிப் பெடியன்:
நாளை வரைக்கும் ஏன் அண்ணை. உங்கள் போனின் சார்ஜர் யூஎஸ்பி சிதானே? அதையே குத்துங்கள். டிவியில் போடுவதற்குத்தான் அசல் சார்ஜர் தேவை, கையில் வைத்து விளையாடப் போன் சார்ஜரே போதும். மெதுவாக ஏறும், ஆனால் ஏறும்.

கொக்குவில்காரன்:
குத்தியாயிற்று. ஏறுகிறது. இப்போது என் போனுக்குச் சார்ஜர் இல்லை, 6 வீதத்தில் நிற்கிறது, அவர்களிடம் கேட்டால் தர மாட்டோம் என்கிறார்கள்.